தலையாட்டினது ஆர்?

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
மார்கழி 2006

என்ர ராசாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனை டக்கெண்டு வைச்ச பிறகு, நான் இரண்டு நாள் மனதுக்குள்ளை உன்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். மூண்டாம் நாள் கோபம் அடங்கிப் பயம் வந்திட்டுது. "மாமா செத்துப்போனார் எண்டு சொன்னீங்களே, அப்ப நேற்று ஸ்தவாங்கரிலை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுத மனுசன் ஆரம்மா? பேயோ?" எண்டு கேட்டாய். அந்த ஆள் உன்ர கலியாணத்துக்கு வரக்கூடாது எண்டு மட்டும்தான் சொன்னனான். "அவர் என்ர கலியாணத்துக்கு வரவேணும். ஏன் வரக்கூடாது எண்டு சொல்ல மாட்டீங்கள் எண்டால் நீங்களும் வரவேண்டாம்" எண்டாய். பெத்த தாயைப் பார்த்துச் சொல்லுற கதையே அது? யோசிச்சுப் பார்த்தால் சொல்லுற கதைதான். பொய் சொன்னது நான். அதுதான் எழுதுறன். ரெலிபோனிலை என்னாலை இதைச் சொல்ல ஏலாது. நீ இடையிலை புகுந்து கேள்வி கேட்பாய். அதோடை ரெலிபோனிலை கதைக்கேக்கை இப்பவும் ஆரோ ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரித்தான் எனக்கு. சிரிக்காதை.

நான் சந்தேகக்காரி எண்டு உனக்குத் தெரியும். நீ விரும்பின பிள்ளை மட்டக்களப்பு ஆக்களெண்டு சொன்ன உடனை நான் பேர்கனிலை மூண்டு பேருக்கு ரெலிபோன் எடுத்து விசாரிச்சனான். மூண்டு பேரும் தங்கமான பிள்ளை எண்டிச்சினம். அதெப்படி மூண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுகினம், ஆரோ சொல்லிக்குடுத்திருக்கினம் எண்டு நாலாவது ஆளுக்கும் எடுத்தனான். அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதை, இல்லாட்டில் சொல்லு, எப்பிடியும் ஒருநாள் தெரியத்தானே போகுது. நீ முதலாம் வகுப்பிலை படிக்கேக்கை உன்ர குடும்பத்தைக் கீறச் சொல்ல, நீ ஒரு வீட்டைக் கீறிக் கதவைப் பூட்டிப்போட்டு ஒரு ஆளையும் கீறாமல் குடுத்தனி. ரீச்சர் என்னைக் கூப்பிட்டு முகத்தைப் பாவமாய் வைச்சுக்கொண்டு, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டவ. பிரச்சினை ஒண்டுமில்லை. வீட்டிலை எத்தினை பேர், ஆர் வருகினம் போகினம் எண்டு ஆர் கேட்டாலும் சொல்லக்கூடாது எண்டு நான் சொல்லிக்குடுத்ததை நீ ஒழுங்காய்ச் செய்திருக்கிறாய். எனக்கு அண்டைக்கு உள்ளுக்குள்ளை பெருமை. இப்ப நினைக்க வெட்கமாயிருக்குது.

உன்ர அப்பாவை ஆமி கொண்டுபோனது எண்டு மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறன். எப்பிடிக் கொண்டுபோனவங்கள் எண்டு சொல்லேல்லை. உனக்கு அப்ப மூண்டு வயசு. என்ர தம்பி ரவி, அதுதான் உன்ர மாமா, எங்களோடைதான் இருந்தவன். பத்தொன்பது வயசுப் பெடியன். ஒரு செவ்வாய்க்கிழமை ரியூசனுக்குப் போன வழியிலை ஆமிக்காரர் அவனைப் பிடிச்சுத் தங்கட காம்புக்குக் கொண்டுபோயிட்டாங்கள். அஞ்சு நாள் கழிச்சு, விடிய, எங்கட ஒழுங்கை ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னாங்கள். பொம்பிளையள் நாங்கள் வேலிக்கு இஞ்சாலை நிண்டனாங்கள், நீ என்ர இடுப்பிலை. ஒரு ஜீப் வந்து நிண்டுது. அதுக்குள்ளை ஒருத்தன், தலையிலை இருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அந்த ஆளைத்தான் எங்கட சனம் தலையாட்டி எண்டுறது. ஆம்பிளையளை ஒவ்வொருத்தராய் அவனுக்கு முன்னாலை கொண்டுபோய் நிப்பாட்டுவாங்கள். அவன் சும்மா இருந்தால் வீட்டை போகலாம். தலையை ஆட்டினால் லொறியிலை ஏத்துவாங்கள். உன்ர அப்பா போய் நிண்டார். சேர்ட் பொத்தானைக்கூடச் சரியாய்ப் பூட்டாமல் போனவர். சாக்கு ஆடினது.

நான் அப்பாவைப் பார்க்கேல்லை, ராசா. அந்த நேரம் ஜீப்புக்கு வெளியாலை தொங்கிக்கொண்டிருந்த தலையாட்டியின்ர காலைத்தான் பார்த்தனான். வலது உள்ளங்காலாலை இடது கணுக்காலைத் தேய்ச்சுக்கொண்டிருந்தான். சின்ன வயசிலை இருந்து ரவிக்குப் பயம் வந்தால் அப்பிடித்தான் தேய்ப்பான். அடுத்த கிழமை அவனை விட்டிட்டாங்கள். அப்பா வரேல்லை. இண்டு வரைக்கும் வரேல்லை. ரவி வந்து படலையைப் பிடிச்சுக்கொண்டு "அக்கா, அக்கா" எண்டு கூப்பிட்டவன். நான் திறக்கேல்லை. பிறகு அவன் கொழும்புக்குப் போய், அங்கையிருந்து நோர்வேக்கு வந்திட்டான். இரண்டு வருசம் கழிச்சு நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு இஞ்சை வந்து இறங்கினனான். வேறை நாட்டுக்குப் போகத்தான் வெளிக்கிட்டது, ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து விட்டது இஞ்சை. எப்பிடியோ கேள்விப்பட்டு, ரவி அகதி முகாமுக்கு உனக்கொரு குளிர் ஜாக்கெட்டோடை வந்து நிண்டவன். இந்த ஆளை எனக்குத் தெரியாது எண்டு முகாமுக்குப் பொறுப்பானவவிட்டைச் சொன்னனான். உனக்குப் பதினெட்டு வயசு வரும்வரைக்கும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவனிட்டையிருந்து கார்ட் வந்தது. நீ பள்ளிக்கூடத்தாலை வரமுதல் ஒவ்வொண்டையும் கிழிச்சுக் குப்பைக்குள்ளை போட்டனான். உனக்கு மாமா இல்லையோ எண்டு ஏழு வயசிலை நீ கேட்கேக்கை, செத்துப்போனார் எண்டு சொன்னனான். இவ்வளவுதான் என்ர பக்கத்துக் கதை எண்டு இந்த ஐப்பசி வரைக்கும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

இனி மிரியம் அம்மாவைப் பற்றிச் சொல்லவேணும். நகரசபை என்னை வீட்டு வேலைக்கு அனுப்புற வயசுபோன ஆக்களிலை அவவும் ஒராள். கதவிலை பெயர் இல்லாத மனுசி எண்டு உனக்கு முந்தி ஒருக்கால் சொல்லியிருக்கிறன். இந்த ஊரிலை எல்லாக் கதவிலையும் பெயர்த் தகடு இருக்கும், அவவின்ர கதவிலை இரண்டு ஆணி ஓட்டை மட்டும்தான். முதல் நாள் நான் மணி அடிக்க, கடிதம் போடுற ஓட்டைக்குள்ளாலை கேள்வி வருது. ஆர் அனுப்பினது? உம்மட பொறுப்பாளரின்ர பெயரென்ன? போன முறை வந்த பிள்ளை ஏன் வரேல்லை? எல்லாத்துக்கும் பதில் சொன்ன பிறகும் என்னை வெளியிலை நிற்கவிட்டிட்டு, ஒஃபீசுக்கு எடுத்துக் கேட்டுப்போட்டுத்தான் திறந்தவ. எனக்குக் கோபம் வரேல்லை, சந்தோசம்தான் வந்தது. இவ்வளவு வருசம் இந்த நாட்டிலை இருந்து, அண்டைக்குத்தான் ஒழுங்காய் விசாரிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளைக் கண்டனான்.

ஒரு வருசம் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்த்தனாங்கள். நான் போன பிறகு அவ கரண்டி எண்ணுவ. அடுத்த முறை கரண்டி வைக்கிற லாச்சியைத் திறந்தால் கரண்டியெல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கிக் கிடக்கும், அதிலை கண்டுபிடிச்சனான். நானும் லேசுப்பட்ட ஆளே? அவவுக்குத் தெரியக்கூடியதாய் என்ர பையை வாய் திறந்தபடி கதவடியிலை வைச்சிட்டுத்தான் வேலை செய்வன். அவ யூத ஆள் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன விளங்கியிருக்கும்? ஜேர்மன்காரங்கள் செய்ததெல்லாம் ஜேர்மனியிலையும் போலந்திலையும் நடந்தது எண்டுதான் நினைச்சிருந்தனான். இந்த டிராம் போற றோட்டிலை, இந்தப் படிக்கட்டிலை நடந்தது எண்டு ஆர் எனக்குச் சொன்னது?

ஒருநாள் அவவின்ர படியிலை ஏறேக்கை எதிர்ப்பட்ட ஒரு மனுசன் எனக்குத் தலையை ஆட்டிப்போட்டுப் போனார். உள்ளை போய், சும்மா கதைக்கு, நான் ஹவுகெட்டோவுக்கு வந்த புதுசிலை பட்ட பாட்டை அவவுக்குச் சொன்னனான். எங்களுக்குக் கீழ்வீட்டிலை இருந்த நோர்வேக்காரர் என்னைக் காணுற நேரமெல்லாம் ஒண்டும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவார். உன்னையும் இழுத்துக்கொண்டு திரும்ப மேலை ஓடிவந்து கதவைப் பூட்டுவன். கடைசியிலை அகதிகளுக்குப் பொறுப்பான ஒஃபீசுக்குப் போய், மொழிபெயர்க்க ஒராளையும் வைச்சுக்கொண்டு, வீடு மாத்தித் தாங்கோ, கீழ்வீட்டு ஆள் எனக்குத் தலையாட்டுறார் எண்டு முறைப்பாடு குடுத்தனான். அந்தப் பிள்ளை பேனையைக் கீழை வைச்சிட்டு, அது வணக்கம் சொல்லுறது எண்டு விளங்கப்படுத்தினவ. மிரியம் அம்மா கேட்டிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. பிறகு, எங்கட ஊரிலை சாக்கு மூடின ஆள் தலையை ஆட்டினால் என்ன நடக்கும் எண்டு நான் சொல்ல, சிரிப்பு டக்கெண்டு நிண்டுபோச்சுது. "உங்கட ஊரிலை தலையை ஆட்டிக் காட்டிக்குடுக்கிற ஆளுக்கு ஒரு சொல் இருக்கோ?" எண்டு கேட்டா. தலையாட்டி எண்டு சொன்னனான். "தலயாத்தி" எண்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா. "எங்கட படிக்கட்டிலையும் ஒருத்தர் இருந்தவர்" எண்டா.

அவவுக்கு அப்ப பத்து வயசு. இதே வீடு, இதே மூண்டாம் மாடி. அப்பா மணிக்கூடு திருத்துறவர், அம்மா, அண்ணன் லியோவுக்குப் பதினேழு வயசு. ஜேர்மன்காரர் நாட்டைப் பிடிச்சு இரண்டு வருசத்துக்கு மேலாச்சு. 1942 ஐப்பசி மாதம் ஒரு விடியக்காலை, கதவைத் தட்டினது ஜேர்மன் ஆமி இல்லை, நோர்வேப் பொலிஸ். இரண்டு பேர். மரியாதையாய்த்தான் கதைச்சவையாம். சில நாளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாங்கோ எண்டவையாம். அப்பாவையும் லியோவையும் கூட்டிக்கொண்டு இறங்கேக்கை, கீழ்வீட்டு மனுசன் விறகோடை மேலை ஏறி வந்தவர். டிராமிலை வேலை செய்த தனிக்கட்டை. வழி விட்டுச் சுவரோடை ஒதுங்கி நிண்டு, தலையை ஆட்டினவர். இவ மேலை கைபிடிக் கம்பிக்குள்ளாலை பார்த்துக்கொண்டு நிண்டவ. அந்த மனுசனுக்குக் காட்டிக்குடுத்தவன் எண்டு அண்டைக்கே மனதுக்குள்ளை பெயர் வைச்சிட்டா.

ஆம்பிளையளைக் கொண்டுபோன பிறகு, பொம்பிளையள் நாள்தோறும் பொலிசிலை போய்க் கையெழுத்து வைக்கவேணும். ஒரு மாதம் அப்பிடிப் போச்சுது. ஒருநாள் மத்தியானம் தாதிமார் உடுப்பிலை முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை வந்து, "இண்டைக்கு இஞ்சை படுக்காதையுங்கோ. பெட்டி ஒண்டும் தூக்காதையுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இறங்கிப் போட்டா. தாய்க்கு அவவிலையும் சந்தேகம். எங்களை வெளியிலை எடுத்துப் பிடிக்கிற தந்திரமோ? கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைச்சுக்கொண்டு, மூண்டு மணித்தியாலம் கதிரையிலை இருந்தவவாம். நானும் அப்பிடித்தான் இருந்திருப்பன். நல்ல காலம், மனுசி எழும்பினா. அடுத்த நாள் விடிய, பொம்பிளையள் பிள்ளையள் எண்டு பார்க்காமல் பிடிச்சுக் கப்பலிலை ஏத்தினவங்கள்.

ஒளிக்க இடம் குடுத்தவைக்கு இரண்டு பேரை ஒண்டாய் வைச்சிருக்கப் பயம். தாயை ஆசுப்பத்திரியிலை தலையிலை கட்டுப் போட்டு நோயாளி மாதிரிப் படுக்க வைச்சாச்சு. பிள்ளையை நகரத்துக்கு வெளியிலை ஒரு வீட்டிலை, வேறை பெயரிலை, அந்த வீட்டுக்காரியின்ர பெறாமகள், தங்கச்சியின்ர பிள்ளை எண்டு. பன்னிரண்டு நாள் தாய் உயிரோடை இருக்கிறாவோ எண்டு தெரியாது. கேட்கவும் கூடாது. அந்தப் பெயரிலை கூப்பிடேக்கை உடனை திரும்பிப் பார்க்கப் பழகினதுதான் தான் வாழ்க்கையிலை படிச்ச முதல் பாடம் எண்டா. பிறகு ஒரு லொறி. பேப்பர்க் கட்டுகளுக்குள்ளை, தார்ப்பாயாலை மூடி, ஆக்கள் சாமான் மாதிரி அடுக்கிக் கிடக்கினம். இருட்டு. மூச்சுக் காட்டக்கூடாது. எங்கையோ மறுபக்கத்திலை ஒராள் ஒருக்கால் இருமினது. மற்ற ஆக்கள் எல்லாரும் பயத்திலை செத்த மாதிரிக் கிடக்க, இவவுக்கு மட்டும் உயிர் வந்தது. அது தாயின்ர இருமல். கூப்பிட ஏலாது. எல்லை வரைக்கும் அந்த இருமல் இன்னொருக்கால் வராதோ எண்டு காத்துக்கொண்டு கிடந்தவவாம். அதைச் சொல்லேக்கை என்ர கையிலை இருந்த துணி கீழை விழுந்தது, நான் எடுக்கேல்லை.

காட்டுக்குள்ளாலை பனியிலை நடந்து சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்து, யுத்தம் முடியும்வரைக்கும் அங்கை அகதி. தாய் உடுப்புத் தைக்கிற இடத்திலை வேலை. தினமும் தபால்காரனைப் பார்த்தபடி. அப்பாவையும் லியோவையும் அதே கப்பலிலைதான் ஏத்தினவங்கள், பிறகு ரயில், போலந்து. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. திரும்பி வந்தால் வீட்டுக்குள்ளை வேறை குடும்பம் இருக்குது. கன நாள் அலைஞ்சு வீட்டைத் திரும்ப எடுத்தாச்சு. முதல் நாளே கீழ்வீட்டு மனுசன் நாலு கதிரையையும் ஒரு சுவர் மணிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு மேலை வந்தவர். "மற்ற ஆக்கள் எடுக்க முதல் உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான்" எண்டவர். தாய் வாங்கி வைச்சிட்டு, நன்றி சொல்லாமல் கதவைச் சாத்திப்போட்டு, கதிரையளைச் சுடுதண்ணியிலை சோடா போட்டு உரஞ்சிக் கழுவினவ. அதுக்குப் பிறகு இருபத்தெட்டு வருசம் அந்த மனுசன் படியிலை காணுற நேரமெல்லாம் தலை ஆட்டுவார். தாயும் மகளும் ஒருநாளும் திருப்பி ஆட்டேல்லை. தனியாய்ச் செத்துப்போனார். செத்தவீட்டுக்கு மேல்வீட்டிலை இருந்து ஒருத்தரும் போகேல்லை. "சரியாய்த்தான் செய்தியள்" எண்டு நான் சொன்னனான். மனதாரச் சொன்னனான்.

இந்த ஐப்பசியிலை அவவுக்கு ஒரு பெரிய உறை வந்தது. பழைய அரசாங்கப் பத்திரங்கள் வைச்சிருக்கிற இடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறா. பத்து வருசமாய்க் கேட்பமோ விடுவமோ எண்டு இழுத்துக்கொண்டிருந்தவ. உறையை என்னட்டைத் தந்து, நீரே உடைச்சுப் பாரும் எண்டா. உள்ளை ஒரு படிவத்தின்ர பிரதி. ஆம்பிளையளைப் பிடிக்கிறதுக்குக் கன மாதம் முன்னமே யூத ஆக்கள் எல்லாரும் நிரப்பிக் குடுக்கவேணும் எண்டு பொலிஸ் கேட்ட படிவம். அவவின்ர அப்பாவின்ர எழுத்து, உருண்டை உருண்டையாய், ஒரு வெட்டுக்கூட இல்லை. பெயர், பிறந்த திகதி, என்ன தொழில், எந்த வருசம் நாட்டுக்கு வந்தது, பிள்ளையளின்ர பெயர். லியோவின்ர வயசு. விலாசத்துக்குப் பக்கத்திலை, கேட்காமலே, மூண்டாம் மாடி இடப்பக்கக் கதவு எண்டு எழுதியிருக்கிறார். பெயருகளுக்குப் பக்கத்திலை வேறை ஆரோ பென்சிலாலை சரி போட்டிருந்தது.

"எவ்வளவு வடிவான எழுத்து, பாரும்" எண்டா முதல். பிறகு அந்தச் சரி அடையாளங்களை விரலாலை ஒவ்வொண்டாய்த் தொட்டா. "எங்களிட்டை ஒளிக்க ஒண்டுமில்லை எண்டு அப்பா சொல்லிச் சொல்லி எழுதினவர், எனக்கு ஞாபகம் இருக்குது. அவைக்கு ஒருத்தரும் தலை ஆட்டத் தேவையே இருக்கேல்லை." நான் ஆறுதலுக்கு, அப்ப கீழ்வீட்டு மனுசன் நல்லவர்தான் போல எண்டன். சட்டெண்டு திரும்பினா. "ஆர் உமக்குச் சொன்னது? கடுதாசி இருந்ததெண்டால் அவர் நல்லவர் எண்டு ஆகாது. ஆனால் கெட்டவர் எண்டு சொல்ல என்னட்டை இனி ஒண்டுமில்லை. அந்தத் தாதியை எங்களிட்டை ஆர் அனுப்பினது எண்டும் எனக்குத் தெரியாது. அவராயும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவர் அண்டைக்கு என்ர அப்பாவுக்குத்தான் தலையை ஆட்டினவரோ என்னவோ. கேட்க ஆளில்லையே." அழேல்லை. இருந்த கதிரையின்ர கையைத் தடவிக்கொண்டிருந்தா. நான் நிலம் துடைக்காமலே வெளிக்கிட்டு வந்திட்டன்.

ரயிலிலை நான் என்ர வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தனான். இதை எழுதத்தான் இவ்வளவு பக்கம் எழுதினது. ராசா, ரவியைப் பிடிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முதல் எங்கட ஒழுங்கைக்கும் ஒரு படிவம் வந்தது. வீட்டுக்கு வீடு ஆர் ஆர் இருக்கினம் எண்டு எழுதிக் காம்புக்குக் குடுக்கச் சொல்லி, ஊருக்குப் பொறுப்பான விதானையாரிட்டைச் சொல்லியிருந்தாங்கள். விதானையார் என்னட்டை வந்தவர். நான் பள்ளிக்கூடத்திலை சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்தனான், என்ர எழுத்து முத்து மாதிரி எண்டு அவருக்குத் தெரியும். பதின்மூண்டு வீட்டுக்கும் நான்தான் எழுதினனான். சிவப்புப் பேனையாலை கோடு கீறி, பெயர், வயசு, தொழில் எண்டு பிரிச்சு. எங்கட வீட்டுக்கு வரேக்கை உன்ர அப்பா பக்கத்திலை நிண்டு, "ரவியின்ர பெயரை விடு. அவன் இந்த வீட்டுக்காரன் இல்லை எண்டு விடு. என்னைக் கொழும்பிலை வேலை எண்டு போடு" எண்டவர். நான் என்ன சொன்னனான் தெரியுமே? "பொய் எழுதினால்தான் பிறகு கேள்வி வரும். எங்களிட்டை ஒளிக்க என்ன இருக்குது?" எண்டனான். இரண்டு பேரின்ர பெயரையும், சரியான வயசையும் எழுதினனான். விதானையார் பார்த்திட்டு, அச்சடிச்ச மாதிரி இருக்குது பிள்ளை எண்டு சொல்ல, எனக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இருபத்தொரு வருசமாய் அது நினைவே வரேல்லை எண்டு எழுதினால் அதுவும் பொய். வரும். வரேக்கை நான் ரவியின்ர காலை நினைப்பன். சாக்குக்குக் கீழை தேய்ச்சுக்கொண்டிருந்த அந்தக் காலை நினைச்சால் மற்றது மறைஞ்சிடும். கோபம் எனக்கு எவ்வளவு உதவி செய்தது எண்டு பார்.

நேற்று உன்ர மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தனான். போன கிழமை நீ கோபத்திலை அனுப்பின நம்பருக்குத்தான். நோர்வே மொழியிலை ஹலோ சொன்னான். நான், நான்தான் எண்டன். அவன் "அக்கா" எண்டான். சுகம் விசாரிக்கேல்லை, ஒண்டும் கேட்கேல்லை, நேரை கேட்டன். "சாக்குக்குள்ளை இருந்தது நீயோ?" இல்லை எண்டு சொல்லுவான், நான் அதை நம்பாமல் இருக்கலாம் எண்டுதான் எடுத்தனான் போல. அவன், "ஓம் அக்கா" எண்டான். இருபத்தொரு வருசம் நான் நினைச்சது சரி. வைச்சிடுவம் எண்டு கை போகுது, அவன் கதைக்கத் துவங்கிட்டான். "எனக்கு ஒருத்தரையும் காட்டச் சொல்லேல்லை, அக்கா. பக்கத்திலை ஒராள் ஒரு லிஸ்டை வைச்சுக்கொண்டு இருந்தவன். லிஸ்டிலை சரி போட்டிருந்த பெயர் வரேக்கை என்ர முதுகிலை துவக்காலை இடிப்பான். இடிச்சால் நான் தலையை ஆட்டவேணும். எல்லாம் முதலே முடிவெடுத்து வைச்சிருந்தாங்கள். சனத்துக்குக் காட்டத்தான் ஒரு தலை தேவைப்பட்டது. அத்தான் வந்து நிக்கேக்கை நான் ஆட்டேல்லை. இரண்டாம் தரம் இடிச்சான்."

ஆர் எழுதின லிஸ்ட் அது எண்டு கேட்டன். அவன் கதையை மாத்தி, உன்னைப் பற்றிச் சொன்னான், பெடியன் அத்தான் மாதிரியே நடக்கிறான் எண்டான். ரவி, ஆர் எழுதின லிஸ்ட் எண்டு திரும்பவும் கேட்டன். "விடுங்கோ அக்கா" எண்டான். "உங்களுக்கு அது தெரியவேண்டாம் எண்டுதானே நான் இவ்வளவு காலமும் தூரத்திலை இருந்தனான். என்னிலையே கோபமாய் இருங்கோ எண்டு விட்டனான். சிவப்புக் கோடு கீறி எழுதுறது எங்கட ஊரிலை வேறை ஆர் அக்கா?"

இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நேரமும் என்ர மனதுக்குள்ளை ஒரு மூலையிலை ஒருத்தி இருந்து கேட்கிறாள்: அவன் தன்னைக் காப்பாத்தத்தான் உப்பிடிச் சொல்லுறானோ? துவக்காலை இடிச்சது மெய்தானோ? மிரியம் அம்மாவுக்கெண்டாலும் ஒரு உறை வந்தது, எனக்கு எந்தக் காம்பிலை இருந்தும் ஒண்டும் வரப்போறதில்லை. அவன் சொன்னது முழுக்க உண்மையோ எண்டு நான் சாகும்வரைக்கும் யோசிப்பன், அது என்ர குணம், அதை நீ மாத்த ஏலாது. ஆனால் சிவப்புக் கோடு கீறினது நான். அதிலை சந்தேகமில்லை. உனக்கு அப்பா இல்லாமல் போனதிலை என்ர கைக்கும் பங்கிருக்குது, உனக்கு மாமாவும் இல்லாமல் போனது முழுக்க என்ர வேலை. என்னை மன்னி எண்டு கேட்க வாய் வரேல்லை. உனக்குக் கோபமெண்டால் கோபப்படு, என்னட்டையே நேரை கோபப்படு. தள்ளி நிண்டு, வேறை ஒராளிலை அதை இறக்கி வைச்சுக்கொண்டு வாழாதை. அது எவ்வளவு வசதியானது எண்டு எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் மணவறையிலை தாய்மாமன் நிக்கிற இடத்திலை ரவி நிக்கட்டும். நான் கேட்டனான், வாறன் எண்டு சொன்னவன். கலியாணக் கார்ட் அச்சடிச்சு வந்த உடனை நீயே ஸ்தவாங்கருக்குப் போய்க் கையிலை குடு, தபாலிலை போடாதை. உறையிலை அவன்ர பெயரை நீ எழுது, ராசா. நான் எழுத மாட்டன். அந்தப் பெயரை ஒருக்கால் எழுதிக் குடுத்தது போதும்.

உன்ர அம்மா